சூலகத்தில் கட்டி என்றால் சத்திரசிகிச்சைதானா?

வயிற்று வலிக்காகவோ மாதவிடாய் பிந்தியதற்காகவோ ஸ்கேன் பரிசோதனைக்குச் சென்ற ஓர் இளம்பெண் கையில் ஓர் அறிக்கையுடன் வீடு திரும்புகின்றாள். வலது சூலகத்தில் 4 சென்ரிமீற்றர் அளவில் ஒரு 'சிஸ்ட்' காணப்படுவதாக அதில் எழுதப்பட்டிருக்கின்றது. அன்றிரவு அந்த வீட்டில் எவருக்கும் உறக்கம் இல்லை. 'சிஸ்ட்' என்ற சொல் 'கட்டி' ஆகின்றது. கட்டி என்பது புற்றுநோய் ஆகின்றது. புற்றுநோய் இல்லை என்று வைத்தியர் கூறிய பின்னரும், இவளுக்குப் பிள்ளைப்பேறு கிடைக்குமா என்ற கேள்வி எஞ்சி நிற்கின்றது. திருமணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும் வீடாயின் விடயம் அயலவருக்குத் தெரியாமல் மறைக்கப்படுகின்றது. சில வேளைகளில் தந்தைக்கே சொல்லப்படுவதில்லை.

இந்த அச்சத்தினால் இரண்டு வகையான தவறுகள் நிகழ்கின்றன. தானாகவே மறைந்துவிடக்கூடிய ஒரு நீர்க்கட்டிக்காக 'வெட்டி எடுத்துவிடுங்கள்' என்று வைத்தியரை நெருக்குவது ஒன்று. மணிக்கணக்கில் தீர்மானிக்க வேண்டிய நிலையில் இருப்பவளை 'மாதவிடாய் வலிதானே' என்று வீட்டிலேயே படுக்க வைப்பது மற்றையது. முன்னையதில் தேவையற்ற சத்திரசிகிச்சையும், பின்னையதில் காலதாமதமும் ஆரோக்கியமாக இருந்திருக்கக்கூடிய ஒரு சூலகத்தைப் பறித்துவிடலாம். ஆகவே எந்தக் கட்டிக்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பதைப் பெண்களும் அவர்களது குடும்பத்தினரும் ஓரளவேனும் அறிந்திருத்தல் அவசியமாகின்றது.

மாதந்தோறும் தோன்றும் நீர்ப்பை

கருப்பையின் இரு புறங்களிலும் ஒவ்வொன்றாக அமைந்துள்ள சூலகங்கள் ஏறத்தாழ ஒரு பாதாம் பருப்பின் வடிவமும் 3 சென்ரிமீற்றர் அளவு நீளமும் கொண்டவை. பெண்ணின் வாழ்நாளுக்குரிய முட்டைகள் அவள் பிறக்கும்போதே அவற்றில் இருக்கின்றன. பருவமடைந்த பின்னர் ஒவ்வொரு மாதமும் புடைப்புகள் எனப்படும் நீர் நிரம்பிய சின்னஞ்சிறு பைகள் சில வளரத் தொடங்கி, அவற்றுள் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு 2 சென்ரிமீற்றர் அளவுக்குப் பருத்து, வெடித்து, முட்டையை வெளியேற்றுகின்றது. வெடித்த இடத்தில் மஞ்சட் சடலம் என்னும் அமைப்பு உருவாகி, கருப்பை கர்ப்பத்தை ஏற்பதற்குரிய ஓமோனைச் சுரக்கின்றது. கர்ப்பம் தரிக்காவிடின் அது சுருங்கி மறைய, மாதவிடாய் ஏற்படுகின்றது.

அதாவது, மாதவிடாய் வருகின்ற ஒவ்வொரு பெண்ணின் சூலகத்திலும் மாதந்தோறும் ஒரு சிறு நீர்ப்பை தோன்றி மறைந்துகொண்டுதான் இருக்கின்றது. நடுமாதத்தில் ஸ்கேன் செய்தால் அது தெரியவே செய்யும். 3 சென்ரிமீற்றருக்குக் குறைந்த அத்தகைய பையைக் கட்டி என்று அழைப்பதே பொருத்தமற்றது.

சில மாதங்களில் இந்த ஒழுங்கு சற்றுப் பிசகுகின்றது. வெடிக்க வேண்டிய புடைப்பு வெடிக்காமல் தொடர்ந்து பருத்துவிடலாம். அல்லது, முட்டை வெளியேறிய பின்னர் மஞ்சட் சடலம் மூடிக்கொண்டு அதனுள் நீரோ இரத்தமோ தேங்கலாம். இவையே தொழிற்பாட்டு நீர்க்கட்டிகள். இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் காணப்படும் சூலகக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வகையினவே. பொதுவாக இரண்டு அல்லது மூன்று மாதவிடாய் வட்டங்களுக்குள் இவை எந்தச் சிகிச்சையுமின்றி மறைந்துவிடுகின்றன.

இவ்விடத்தில் ஒன்றைக் கூறாமல் இருக்க முடியாது. 'கட்டியைக் கரைக்கும்' கஷாயங்களும் பொடிகளும் இன்று விளம்பரங்களிலும் கைத்தொலைபேசிச் செய்திகளிலும் பெருமளவில் பரவுகின்றன. மூன்று மாதம் அருந்தினோம், மறு ஸ்கேனில் கட்டியைக் காணவில்லை என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று மாதத்தில் வெறும் தண்ணீரை அருந்தியிருந்தாலும் அந்தக் கட்டி மறைந்தே இருக்கும். காலம் குணமாக்கிய கட்டிக்குக் கஷாயம் பெயர் வாங்கிக்கொள்கின்றது. காலத்தால் மறையாத வேறு வகைக் கட்டியை வைத்திருக்கும் பெண் அந்தப் பெயரை நம்பி மாதங்களை இழக்கும்போதே அது தீங்காக மாறுகின்றது.

மறையாத கட்டிகள்

அவ்வாறு மறையாதவற்றுள் விசித்திரமானது 'டேர்மொயிட்' எனப்படும் கட்டியாகும். முட்டைக் கலங்களிலிருந்து உருவாகும் இக்கட்டியினுள் கொழுப்பும் முடியும், சில வேளைகளில் பற்களும்கூடக் காணப்படுகின்றன. முட்டைக் கலத்துக்கு உடலின் எல்லா வகை இழையங்களையும் உருவாக்கும் ஆற்றல் இயல்பாகவே இருப்பதுதான் இதற்குக் காரணம். செய்வினைக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. பெரும்பாலும் இளம் பெண்களில் காணப்படும் இக்கட்டி மெதுவாக வளர்கின்றது. புற்றுநோயாக மாறுவது மிக அரிது. ஆயினும் பாரமானதாகையால் சூலகம் முறுக்கிக்கொள்வதற்கு இது ஒரு முக்கிய காரணியாகின்றது. பத்தில் ஒரு பெண்ணுக்கேனும் இது இரு சூலகங்களிலும் இருக்கக்கூடும்.

'சொக்லட் சிஸ்ட்' என்று வைத்தியர்கள் குறிப்பிடுவது வேறொன்று. கருப்பையின் உட்படலத்தை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே வளர்வது எண்டோமெற்றியோசிஸ் என்னும் நோயாகும். அது சூலகத்தைப் பாதிக்கும்போது அங்கே பழைய இரத்தம் தேங்கிக் கரும்பழுப்பு நிறக் குழம்பாகின்றது. பெயர் இனிமையானதாயினும் நோய் கொடியது. மாதவிடாய்க்கு முன்னரே தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு கடுமையாகும் வலி, தாம்பத்திய உறவின்போதான வலி, மாதவிடாய் நாட்களில் மலங்கழிக்கும்போது வலி, கருத்தரிக்கத் தாமதம் ஆகியன அதன் அறிகுறிகள். பாடசாலைக்கோ வேலைக்கோ செல்ல முடியாத அளவுக்கு மாதந்தோறும் வலிப்பது பெண்ணாகப் பிறந்ததற்கான வரி அல்ல. 'கலியாணம் முடித்தால் சரியாகிவிடும்' என்று கூறி அனுப்பிவிடும் மூத்தோரின் ஆறுதலால், இந்த நோய் கண்டறியப்படாமலே பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

இவற்றைவிட, சூலகத்தின் மேற்பரப்புக் கலங்களிலிருந்து தோன்றும் நீர் அல்லது சளி நிரம்பிய கட்டிகளும் உள்ளன. சளிக் கட்டிகள் வயிற்றையே நிரப்பும் அளவுக்கு வளரக்கூடியவை. சூலகக் கட்டிச் சத்திரசிகிச்சையின் வரலாறும் அத்தகைய பெருங்கட்டியொன்றுடனேயே தொடங்குகின்றது. 1809 ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்தில், கர்ப்பம் என்று பிறர் கருதிய ஜேன் டொட் குரோபர்ட் என்ற பெண்மணியின் வயிற்றிலிருந்து 10 கிலோகிராம் அளவான சூலகக் கட்டியை எப்ரயிம் மக்டவல் என்ற வைத்தியர் அகற்றினார். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. அப்பெண்மணி அதன் பின்னர் மேலும் 30 ஆண்டுகளுக்கு மேலாக உயிர் வாழ்ந்தார்.

பெயரால் விளைந்த குழப்பம்

இன்று 'சிஸ்ட்' என்ற சொல்லுடன் வரும் யுவதிகளில் கணிசமானோர் உண்மையில் கட்டி எதுவும் இல்லாதவர்கள். அவர்களுக்கு இருப்பது பொலிசிஸ்டிக் சூலக நோய்த்தொகுதி, சுருக்கமாகப் பி.சி.ஓ.எஸ். இந்த நிலையில் சூலகத்தில் தெரிபவை சில மில்லிமீற்றர் அளவான, வளர்ச்சி இடைநின்ற பல புடைப்புகளே. வெட்டி எடுக்க வேண்டிய எதுவும் அங்கு இல்லை. நோய் ஓமோன் சமநிலையிலும், இன்சுலினுக்கு உடல் காட்டும் எதிர்ப்பிலும் இருக்கின்றது.

மாதவிடாய் ஒழுங்கின்மை, முகத்தில் மிகை முடி வளர்ச்சி போன்ற ஆண் ஓமோன் மிகுதியின் அடையாளங்கள், ஸ்கேனில் தெரியும் சூலகத் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தாலே இந்நோய் உண்டெனக் கொள்ளலாம் என்று 2003 ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரில் கூடிய நிபுணர்கள் வகுத்தனர். இதே அறிகுறிகளைத் தரக்கூடிய தைரொயிட் முதலான வேறு நோய்கள் இல்லை என்பதும் உறுதிப்படுத்தப்பட வேண்டும். பூப்படைந்து 8 ஆண்டுகள் கழியாத பிள்ளைகளில் ஸ்கேன் தோற்றத்தை வைத்து இந்நோயை நிர்ணயிக்கக் கூடாது என்பது இப்போதைய சர்வதேச வழிகாட்டல். அந்த வயதில் ஆரோக்கியமான சூலகமும் அவ்வாறே தோற்றமளிக்கும். பதினைந்து வயது மாணவி ஒருத்தியின் ஸ்கேன் அறிக்கையில் இச்சொல்லைக் கண்டு, அவள் மலடாகிவிடுவாள் என்று அழும் தாய்மார் இதனை அறிந்திருத்தல் நல்லது.

கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையான பெண்களிடையே மேற்கொள்ளப்பட்டு 2008 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வொன்று நூற்றுக்கு 6.3 வீதமானோரில் இந்நோயைக் கண்டறிந்தது. ஆகவே இது அரிதான நோயன்று. உடல் எடை மிகுந்தவர்கள் அதில் நூற்றுக்கு 5 முதல் 10 வீதத்தைக் குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வருகின்றது. கருத்தரிக்க விரும்புவோருக்கு முட்டை வெளியேறத் தூண்டும் மாத்திரைகள் நல்ல பலனைத் தருகின்றன. கவனிக்க வேண்டியது நீரிழிவையும், மாதக்கணக்கில் மாதவிடாய் வராமலிருந்து கருப்பையின் உட்படலம் தடிப்பதையுமே. மூன்று மாதங்களுக்கு மேலாக மாதவிடாய் வராவிடின், திருமணமாகாதவளாயினும் வைத்தியரை நாட வேண்டும்.

அறிகுறிகளும் அவசரநிலையும்

சூலகக் கட்டிகளில் பல எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. வேறு காரணத்துக்காகச் செய்த ஸ்கேனில் தற்செயலாகவே அகப்படுகின்றன. கட்டி பெரிதாகும்போது அடிவயிற்றில் பாரம், ஒரு பக்கத்தில் மந்தமான வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வு, மலச்சிக்கல், வயிறு உப்புதல், மாதவிடாய் முன்பின்னாதல் போன்றவை ஏற்படலாம். கட்டி வெடித்தால் திடீர் வலி தோன்றும். பெரும்பாலும் அது ஓய்வுடனும் வலிநிவாரணியுடனும் தணிந்துவிடும். தலைசுற்றல், மயக்கம், உடல் வெளிறுதல் ஆகியன சேர்ந்தால் உள்ளே இரத்தம் கசிகின்றது என்று கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது சூலகம் முறுக்கிக்கொள்வதாகும். சூலகம் இழைநார்களில் தொங்கிக்கொண்டிருக்கும் ஓர் உறுப்பு. அதன் இரத்தக் குழாய்களும் அவ்வழியாகவே செல்கின்றன. 5 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கட்டியொன்றின் பாரத்தினால் அது தன் காம்பைச் சுற்றி முறுக்கிக்கொண்டால், முதலில் இரத்தம் வெளியேறும் நாளங்கள் அடைபட்டுச் சூலகம் வீங்குகின்றது. பின்னர் இரத்தம் உட்செல்லும் நாடியும் அடைபட்டு இழையம் இறக்கத் தொடங்குகின்றது. அடிவயிற்றின் ஒரு புறத்தில் திடீரெனத் தோன்றும் கடும் வலியும், அதனுடன் கூடிய குமட்டலும் வாந்தியும் இதன் அடையாளங்கள். முறுக்கு இறுகியும் தளர்ந்தும் இருப்பதனால் வலி விட்டுவிட்டும் வரலாம். வலி சற்றுத் தணிந்ததைக் கண்டு குணமாகிவிட்டது என்று எண்ணுவது பெருந்தவறு.

இடப்புறத்தில் பெருங்குடல் இடத்தை நிரப்பியிருப்பதால் முறுக்கு வலப்புறத்திலேயே அதிகம் ஏற்படுகின்றது. இதனால் குடல்வளரி அழற்சி, அதாவது நாம் 'அப்பென்டிசைற்றிஸ்' என்று அழைப்பது, என இதனைக் கருதிவிட இடமுண்டு. வைத்தியசாலைக்குச் சென்றால் எதுவாயினும் கண்டறியப்படும். வீட்டில் சோடாவும் ஓமத் தண்ணீரும் கொடுத்துக்கொண்டிருந்தால் எதுவும் கண்டறியப்படாது. பூப்படையாத சிறுமிகளிலும் இது நிகழலாம் என்பதனால், வாந்தியுடன் கூடிய அடிவயிற்று வலியை வயதைக் காரணங்காட்டி ஒதுக்க முடியாது. வாகன வசதியற்றோர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலவச 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவையைப் பெறலாம். சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வழியில் உணவு கொடுக்காதிருப்பது நன்று.

முறுக்கிய சூலகம் நீலம் பாய்ந்து கருத்திருந்தால் அதனை அகற்றிவிடுவதே முன்னைய வழக்கமாக இருந்தது. முறுக்கை அவிழ்த்து அப்படியே விட்டாலும் பெரும்பாலானவை மீண்டும் உயிர்பெற்று இயங்குகின்றன என்பதை அனுபவம் பின்னர் காட்டியது. ஆகவே இளம் பெண்களில் இன்று காப்பாற்றுவதே நோக்கம். அதற்கு வேண்டியது நேரம்.

இன்னுமொன்று. கடும் வயிற்று வலியுடன் வரும் இளம்பெண்ணிடம் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று வைத்தியசாலையில் கேட்கும்போது, சில பெற்றோர் அதனைத் தம் பிள்ளையின் ஒழுக்கத்தின் மீதான சந்தேகமாகக் கொண்டு சினம் அடைகின்றனர். கருப்பைக்கு வெளியே பலோப்பியன் குழாயில் தங்கிய கர்ப்பமும் இதே வலியைத் தரும், அது உயிரையே பறிக்கும் என்பதனால், இனப்பெருக்க வயதிலுள்ள அனைவருக்கும் விதிவிலக்கின்றிச் செய்யப்படும் பரிசோதனை இது. கேட்பவர் யாரையும் எடைபோடவில்லை. வாக்குவாதத்தில் கழியும் அரைமணி நேரம் நோயாளியினுடையது.

ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும்

சூலகத்தைப் பார்க்க ஏற்றது அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன். இதில் கதிர்வீச்சு இல்லை. திருமணமான பெண்களில் யோனி வழியாகச் செய்யப்படும் ஸ்கேன் மிகத் தெளிவான படத்தைத் தரும். திருமணமாகாதோருக்கு வழமையாக வயிற்றின் மேலாகவே செய்யப்படுகின்றது. தமது அந்தரங்கம் பாதிக்கப்படுமோ என்ற அச்சத்தில் பரிசோதனையைத் தவிர்க்கும் யுவதிகளிடம் இதனைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வயிற்றின் மேலாகச் செய்வதற்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும் என்பதால் நீர் அருந்திவிட்டு வரச் சொல்வார்கள். நோன்பு காலத்தில் அவசரமற்ற ஸ்கேனை நோன்பு திறந்த பின்னருக்கோ பெருநாள் கழிந்த பின்னருக்கோ மாற்றிக்கொள்வதில் தவறில்லை. வலியும் வாந்தியும் உள்ள நிலையில் அவ்வாறு ஒத்திப்போடக் கூடாது. பெண் வைத்தியரே பரிசோதிக்க வேண்டும் என விரும்புவோர் அதனை முன்கூட்டியே கேட்கலாம். ஆண் வைத்தியராயின் பெண் தாதி ஒருவர் உடனிருக்கும்படி கோருவதற்கும் தயங்க வேண்டியதில்லை.

அறிக்கையில் அளவை மட்டும் பார்த்துக் கலங்குவோர் அதிகம். அளவைவிட முக்கியமானது உள்ளமைப்பு. மெல்லிய சுவருடன், உள்ளே தெளிந்த நீர் மட்டும் கொண்ட ஒற்றை அறையை 'சிம்பிள் சிஸ்ட்' என்று எழுதுவார்கள். இது பெரும்பாலும் தீங்கற்றது. உள்ளே தடித்த தடுப்புச் சுவர்கள், திண்மப் பகுதிகள், அப்பகுதிகளில் இரத்த ஓட்டம், வயிற்றறையில் நீர் ஆகியன குறிப்பிடப்பட்டிருந்தால் மேலதிக ஆராய்வு தேவை.

சி.ஏ. 125 என்ற இரத்தப் பரிசோதனையும் பலரைத் தேவையின்றிப் பயமுறுத்துகின்றது. சூலகப் புற்றுநோயில் இது உயர்வது உண்மை. ஆனால் எண்டோமெற்றியோசிஸ், கருப்பைத் தசைக் கட்டிகள், கர்ப்பம், வயிற்றுக் காசநோய் ஆகியவற்றிலும் உயர்கின்றது. மாதவிடாய் நாட்களிலேயே சற்று உயரும். ஆகவே மாதவிடாய் நிற்காத பெண்ணில், ஸ்கேனில் தெளிவான சாதாரண நீர்க்கட்டி இருக்கையில் இதனைச் செய்யத் தேவையே இல்லை. வைத்தியரின் சிட்டையின்றி ஆய்வுகூடத்துக்குச் சென்று தாமாகவே இதனைச் செய்துகொள்வது பணத்தையும் நிம்மதியையும் ஒருசேர இழக்கும் வழி.

காத்திருத்தலும் ஒரு சிகிச்சையே

பிரித்தானியாவின் றோயல் மகப்பேற்று, பெண்நோயியல் கல்லூரி 2011 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலின்படி, மாதவிடாய் வருகின்ற பெண்ணில் அறிகுறிகளற்ற சாதாரண நீர்க்கட்டி 5 சென்ரிமீற்றருக்குக் குறைவாயின் பொதுவாக மறு ஸ்கேன்கூடத் தேவையில்லை. 5 முதல் 7 சென்ரிமீற்றர் வரை ஆண்டுக்கு ஒரு முறை ஸ்கேன் போதும். அதற்கும் மேற்பட்டால் எம்.ஆர்.ஐ. பரிசோதனையோ சத்திரசிகிச்சையோ ஆலோசிக்கப்படும். ஸ்கேன் தோற்றம் ஐயத்துக்குரியதாயின் சில வாரங்கள் கழித்து, மாதவிடாய் முடிந்த கையோடு மீண்டும் பார்ப்பதுண்டு. புதிய புடைப்புகள் பருத்திராத நாட்கள் அவை என்பதால் படம் தெளிவாக இருக்கும்.

கட்டியைக் 'கரைப்பதற்கு' என்று கருத்தடை மாத்திரை எழுதிக்கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்தது. கொக்ரேன் அமைப்பு இது தொடர்பான ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, ஏற்கனவே தோன்றிய தொழிற்பாட்டு நீர்க்கட்டி மறைவதை இம்மாத்திரை விரைவுபடுத்துவதில்லை என்பது தெரியவந்தது. முட்டை வெளியேறுதலைத் தடுப்பதால் புதியவை தோன்றுவதை அது குறைக்கக்கூடும். மாதவிடாயை ஒழுங்குபடுத்தவும், எண்டோமெற்றியோசிஸ் வலியைத் தணிக்கவும் அது பயன்படுகின்றது. இக்காரணங்களுக்காக இம்மாத்திரை கொடுக்கப்படும்போது, பெயரைப் பார்த்துவிட்டு வீட்டார் தூற்றுவது நியாயமற்றது.

சத்திரசிகிச்சை தேவைப்படும் பெண்கள் இருக்கின்றனர். மறையாது வளரும் கட்டி, தொடர்ந்து வலி தரும் கட்டி, பெரிய டேர்மொயிட், முறுக்கு, புற்றுநோய் ஐயம் ஆகியன அதற்குரிய காரணங்கள். தீங்கற்ற கட்டிகளைச் சிறு துளைகளினூடாக லப்பரஸ்கொப்பி முறையில் அகற்றுவதே இன்று விரும்பப்படுகின்றது. நோவு குறைவு, வீடு திரும்பும் நாளும் விரைவு. நோயாளி கேட்டறிய வேண்டிய முக்கிய வினா துளை எத்தனை என்பதல்ல. கட்டி மட்டும் உரித்தெடுக்கப்படுமா, சூலகமும் சேர்த்து அகற்றப்படுமா என்பதே அது. இளம் பெண்ணின் தீங்கற்ற கட்டியில் சூலகத்தை மிச்சம் வைப்பதே நெறி. தவிர்க்க முடியாமல் ஒரு சூலகம் அகற்றப்பட்டாலும் மற்றையது ஆரோக்கியமாயின் மாதவிடாயும் தொடரும், கர்ப்பமும் தரிக்கும். 'ஒரு பக்கம் எடுத்தவள்' என்று ஒரு பெண்ணை ஒதுக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் இது சொல்லப்பட வேண்டும்.

சொக்லட் சிஸ்ட் மட்டும் இங்கே சற்று வேறுபடுகின்றது. அதனை உரிக்கும்போது ஒட்டியிருக்கும் நல்ல சூலக இழையமும் முட்டைகளும் சேர்ந்தே இழக்கப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் அந்த இழப்பு கூடுகின்றது. எனவே குழந்தையை எதிர்பார்த்திருப்பவர், குறிப்பாக முன்னரே ஒரு முறை சத்திரசிகிச்சை செய்துகொண்டவர், மீண்டும் அதற்கு இணங்குமுன் குழந்தைப்பேற்று நிபுணர் ஒருவரின் ஆலோசனையைப் பெற்றுக்கொள்வது நல்லது. இரண்டாம் கருத்தைக் கேட்பது முதல் வைத்தியரை அவமதிப்பதாகாது. 18 வயது நிரம்பிய பெண்ணாயின் இந்த விளக்கங்களைக் கேட்டுச் சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டியவளும் அவளே. கணவரும் மாமியாரும் மட்டும் வைத்தியரைச் சந்தித்து முடிவெடுத்து வரும் வழக்கம் எம் இரு சமூகங்களிலும் இன்னும் முற்றாக ஒழியவில்லை.

கர்ப்பிணிகளின் முதல் ஸ்கேனில் தெரியும் நீர்க்கட்டி பெரும்பாலும் கர்ப்பத்தைத் தாங்கி நிற்கும் மஞ்சட் சடலமேயாகும். நான்காம் மாதமளவில் அது சுருங்கிவிடும். அகற்றியே தீரவேண்டிய கட்டியாயினும் அவசரமில்லாவிடின் இரண்டாம் மும்மாதம் வரை காத்திருப்பர்.

மாதவிடாய் நின்ற பின்னர்

இதுவரை கூறிய ஆறுதல்கள் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அப்படியே பொருந்தா. அவர்களது சூலகத்தில் மாதாந்தப் புடைப்புகள் வளர்வதில்லை. எனவே அங்கே தோன்றும் கட்டிக்குக் காரணம் தேட வேண்டும். அவ்வயதிலும் 5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த, ஒரு புறத்தில் மட்டும் உள்ள சாதாரண நீர்க்கட்டியை, சி.ஏ. 125 அளவு இயல்பாக இருப்பின், நான்கு முதல் ஆறு மாத இடைவெளியில் ஓராண்டு வரை கண்காணித்தால் போதும் என்று மேற்குறித்த கல்லூரி 2016 இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகின்றது. ஏனையவை தாமதமின்றி நிபுணரிடமும், ஐயம் வலுவாயின் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை வசதியுள்ள நிலையத்துக்கும் செல்ல வேண்டும்.

சூலகப் புற்றுநோய் ஓசையின்றி வருவது என்பர். உண்மையில் அது மெல்லிய குரலில் பேசுகின்றது. வயிறு உப்பியே இருத்தல், சிறிது உண்டதும் நிறைந்துவிடுதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் ஆகியவை 50 வயதைக் கடந்த பெண்ணொருவருக்குப் புதிதாகத் தோன்றி, மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் நீடித்தால் அதனை வாய்வு என்றோ 'கேஸ்ட்ரைற்றிஸ்' என்றோ மாத்திரை விழுங்கிக் கடத்தக் கூடாது. தாய்க்கோ சகோதரிக்கோ மார்பகப் புற்றுநோய் அல்லது சூலகப் புற்றுநோய் இருந்திருப்பின் அதனை வைத்தியரிடம் தாமாகவே கூற வேண்டும். குடும்ப மானம் கருதி மறைக்கப்படும் தகவல் இது.

அதேவேளை, அறிகுறியற்ற பெண்கள் 'எதற்கும் பார்த்து வைப்போம்' என்று ஆண்டுதோறும் சூலக ஸ்கேன் செய்வதால் பயனுண்டா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. பிரித்தானியாவில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களில் மேற்கொள்ளப்பட்டு 2021 இல் முடிவு வெளியான ஆய்வில், அத்தகைய வருடாந்தப் பரிசோதனை சூலகப் புற்றுநோய் மரணங்களைக் குறைக்கவில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதில் செய்யப்படும் பரிசோதனை கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கானது. அதனைத் தவறாது செய்துகொள்ள வேண்டும். ஆனால் அதில் குறையில்லை என்று வந்தால் சூலகத்திலும் குறையில்லை என்று பொருள்கொள்ளக் கூடாது.

சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு ஒரு குறிப்பு. அகற்றப்பட்ட கட்டி நுணுக்குக்காட்டிப் பரிசோதனைக்கு அனுப்பப்படுகின்றது. கட்டி எவ்வகையினது என்று முடிவாகச் சொல்வது அந்த அறிக்கையே. அது வர வாரங்கள் செல்வதால், காயம் ஆறியதும் பலர் அதனைப் பெறச் செல்வதில்லை. வைத்தியசாலையை விட்டு வெளியேறும் அன்றே அது எப்போது, எங்கே கிடைக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, சத்திரசிகிச்சைக்கு முந்திய ஸ்கேன் அறிக்கைகளுடன் சேர்த்து ஒரே கோவையில் வைத்திருக்க வேண்டும். பத்து ஆண்டுகளின் பின்னர் வேறோர் ஊரில் வேறொரு வைத்தியர் முதலில் கேட்கப்போவது அந்தக் கடதாசியைத்தான்.